டி ட்ரைவ் எப்போதும் சிவப்பு: அழித்துவிடலாமா?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. தம்பி 2017இல் தோஹாவிலிருந்து கொண்டுவந்து தந்த எச்பி லெப்டொப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐ5 ஏழாம் தலைமுறைப் புரொசசர், 128 ஜிபி எஸ்எஸ்டி. ஆறுதலாக வேலை செய்கிறது என்று போன கிழமை ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டெடுத்தேன். வந்து பார்த்தால் சி ட்ரைவில் முன்னர் இருந்ததைவிட இடம் குறைவு. எஸ்டபிள்யூசெட்டப், சிஸ்டம்.சேவ், இன்டெல், விண்டோஸ்.ஓல்ட் என்று நான் போடாத ஃபோல்டர்கள் கிடக்கின்றன. டி ட்ரைவின் பெயர் ரிக்கவரி, அது எப்போதும் சிவப்பு. 'சி பழுதானாலும் டி தப்பும்' என்று யாரோ சொன்னதால் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதில்தான் வைத்திருக்கிறேன். டெஸ்க்டொப்பில் இருந்தவற்றைக் காணவில்லை. பென் ட்ரைவில் இருந்த பழைய வினாத்தாள்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. கடைக்காரரிடம் கேட்டேன், டியை அழித்து சியோடு சேர்த்து முழுக்க ஃபோர்மட் அடித்துத் தருகிறேன் என்கிறார். மகள் வந்தாறுமூலை வளாகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், இதைத்தான் கொண்டுபோக வேண்டும். அழிக்கச் சொல்லவா? இல்லை, புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: ரீச்சர், லெப்டொப்பை இன்னும் கடையில் கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் காணவில்லை என்று எழுதியவை பெரும்பாலும் அதற்குள்ளேதான் கிடக்கின்றன. முழுக்க ஃபோர்மட் அடித்தால்தான் அவை உண்மையாகவே போகும்.

நடந்தது இதுதான். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது சி ட்ரைவை முதலில் அழித்துவிட்டும் போடலாம், அழிக்காமல் மேலேயே போடவும் செய்யலாம். அழிக்காமல் போட்டால் பழைய விண்டோஸ், பழைய புரோகிராம்கள், பழைய பயனர் ஃபோல்டர் எல்லாவற்றையும் அது அள்ளி விண்டோஸ்.ஓல்ட் என்ற ஒரே ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, பக்கத்தில் புதிதாகக் குடியேறும். சியில் வேறு தனி ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றைத் தொடாது. எஸ்டபிள்யூசெட்டப்பும் சிஸ்டம்.சேவும் இன்னும் அங்கேயே இருப்பதால் கடைக்காரர் அழிக்காமல்தான் போட்டிருக்கிறார் என்று தெரிகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அவசரப்படாததால்தான் உங்கட டெஸ்க்டொப் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இடம் குறைந்ததற்கும் காரணம் அதுவே. 128 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் எண்ணும் முறையில் அது 119 ஜிபி அளவில்தான் தெரியும். அதில் ரிக்கவரிக்கும் (மெஷினைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்கக் கம்பனி வைத்த பகுதி) வேறு சிறு பகுதிகளுக்கும் போக மீதியில் இப்போது இரண்டு விண்டோஸ்கள் இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, மற்றது சும்மா கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கே செய்யவேண்டியது: விண்டோஸ்.ஓல்ட்டைத் திறந்து உள்ளே யூசர்ஸ் என்பதற்குப் போங்கள். உங்கள் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்தால் பயப்படவேண்டாம், கன்டினியூ என்பதை அழுத்திக் கொஞ்சம் பொறுங்கள். டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் ஒரு பென் ட்ரைவுக்கோ வெளி ஹாட் டிஸ்க்குக்கோ எடுங்கள். டி ட்ரைவுக்கு எடுக்கவேண்டாம்.

இன்றைக்கே என்று சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ்.ஓல்ட்டை விண்டோஸ் வழக்கமாக 10 நாளில் தானாகவே துடைத்துவிடும். 'போன கிழமை' என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ஹாட் டிஸ்க் என்றால் அழிந்ததைத் தோண்டி எடுக்க ஏதாவது வழி பார்க்கலாம். உங்களுடையது எஸ்எஸ்டி. அதில் ஒன்றை அழித்தால் அந்த இடம் காலி என்று விண்டோஸ் உடனேயே டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் அதைத் தனக்குள் துப்புரவாக்கிவிடும். மறுகா எந்த மென்பொருளை வாங்கி ஓட்டினாலும் திரும்பி வருவது அரிது.

அங்கே இருக்கும்போதே இன்னொன்றையும் எடுத்துவிடுங்கள். வினாத்தாள்கள் ஆங்கிலக் குவியலாகத் தெரிவது ஃபைல் கெட்டதால் அல்ல. நம்மட பள்ளிக்கூடங்களில் காலாகாலமாகத் தட்டச்சு செய்வது பாமினியில். பாமினி யுனிகோட் அல்ல, அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொது முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டும் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரியும், அவ்வளவுதான். புதிய விண்டோஸில் பாமினி இல்லை. பழையதில் இருந்தது, அது விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இன்னும் இருக்கும். பாமினி என்று பெயருள்ள ஃபைலைப் பென் ட்ரைவுக்கு எடுத்து, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். வேர்டை மூடித் திறந்தால் தமிழ் வரும். நீங்கள் வேறு ஏதாவது எழுத்துரு பாவித்திருந்தால் அதையும் அப்படியே எடுக்கலாம். எதைப் பாவித்தீர்கள் என்று மறந்திருந்தால் பழைய வினாத்தாளை வேர்டில் திறந்து ஒரு வரியைத் தெரிவு செய்யுங்கள், மேலே எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் நிற்கும். இனி எழுதப்போவதையாவது யுனிகோடில் எழுதுங்கள் என்று ஒரு தமிழ் ரீச்சருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எடுத்தவற்றைத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று மனம் ஆறிய பிறகு விண்டோஸ்.ஓல்ட்டை அழிக்கலாம். டிலீட் பட்டனால் அது முழுக்கப் போகாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் ஒரு பட்டியல் வரும். அதில் ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்பதற்குப் பக்கத்தில் எத்தனை ஜிபி என்றும் போட்டிருக்கும். அதைத் தெரிவு செய்து ரிமூவ் கொடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கிறது. பெயரைப் பார்த்தால் குப்பை மாதிரித்தான் இருக்கும், ஆனால் அது நீங்கள் இணையத்திலிருந்து இறக்கி வைத்த எல்லாமே. அதில் சரி அடையாளம் இருந்தால் அந்த அடையாளத்தை நீக்கிவிடுங்கள்.

இந்த ஒன்றிலேயே உங்கள் இடப்பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். டியை அழித்தால் கிடைப்பதைவிட இதில் கிடைப்பது கூட.

இனி எஸ்டபிள்யூசெட்டப். எச்பி மெஷின்களில் இது வழக்கமாக வருவது. தொழிற்சாலையில் போட்ட ட்ரைவர்கள் (வைஃபை, சவுண்ட் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்கள்), எச்பியின் சொந்த மென்பொருள்கள், அவற்றின் செட்டப் ஃபைல்கள் இதில் இருக்கும். இதை அழித்தால் விண்டோஸ் நிற்காது, உடனடியாக எதுவும் நடக்காது. அதனால்தான் பலர் இதைக் குப்பை என்று தூக்கிப் போடுகிறார்கள். என் பார்வையில், கம்பனி போட்டனுப்பிய ஃபைல்களுக்குள் 2017 மெஷின் ஒன்றுக்கு இன்றைக்கு மிகப் பெறுமதியானது இதுதான். டியில் இருக்கும் பெரிய ரிக்கவரியைவிடவும் பெறுமதி.

ஏன் என்று கேட்பீர்கள். விண்டோஸை இன்னொரு நாள் சுத்தமாகப் போடவேண்டி வந்தால் விண்டோஸ் எங்கும் கிடைக்கும். எந்தக் கடையிலும் பென் ட்ரைவில் இருக்கும், இணையத்தில் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறது. உங்கள் லைசென்ஸ் திறவுகோல்கூட விண்டோஸ் 8 காலத்திலிருந்து மதர்போர்ட்டுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது, அதைத் தேடவேண்டியதில்லை. ஆனால் புதிய விண்டோஸ் எழும்பியதும் வைஃபை ட்ரைவர் பிடிபடவில்லை என்றால்? இணையம் இல்லாமல் ட்ரைவரை இறக்க முடியாது, ட்ரைவர் இல்லாமல் இணையம் வராது. கடைக்கு வரும் மெஷின்களில் இந்தச் சிக்கலில் மாட்டியவை நிறைய. வைஃபை, டச்பாட், சவுண்ட், கிராஃபிக்ஸ் இந்த நான்குக்குமான ட்ரைவர் கையில் இருந்தால் வேறெதுவும் பெரிதாகத் தேவைப்படாது. எச்பி இணையத்தளத்தில் மெஷினின் சீரியல் இலக்கத்தைக் கொடுத்தாலும் ட்ரைவர்கள் கிடைக்கும், ஆனால் அதற்கு இன்னொரு கணினியும் டேட்டாவும் வேண்டும். எஸ்டபிள்யூசெட்டப்பை அப்படியே ஒரு பென் ட்ரைவுக்குக் கொப்பி செய்யுங்கள். செய்த பிறகு சியில் இருப்பதை அழித்தாலும் சரி, விட்டாலும் சரி.

சிஸ்டம்.சேவ் எச்பியின் ரிக்கவரியோடு சேர்ந்தது, சிறியது, விட்டுவிடுங்கள். இன்டெல் ஃபோல்டர் ஏதோ போட்டபோது எழுதிய பதிவுகள், பொருட்படுத்தவே தேவையில்லை.

டி ட்ரைவுக்கு வருவோம். சிவப்பாக இருப்பது நோய் அல்ல. ஒரு ட்ரைவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இடம் இருந்தால் விண்டோஸ் சிவப்பில் காட்டும். ரிக்கவரிப் பகுதியைத் தொழிற்சாலையே கிட்டத்தட்ட நிரப்பித்தான் அனுப்புகிறது. லோ டிஸ்க் ஸ்பேஸ் என்று அடிக்கடி எச்சரிக்கை வந்தால் மட்டும் யாரோ எதையோ அதில் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் விஷயத்தில் அந்த யாரோ நீங்கள்தான், ரீச்சர். புள்ளிகளை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

'சி பழுதானாலும் டி தப்பும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. விண்டோஸ் கெட்டு சியை மட்டும் அழித்துப் போட்டால் டி தப்பும். ஆனால் சியும் டியும் ஒரே எஸ்எஸ்டியின் இரண்டு பாகங்கள். எஸ்எஸ்டி செத்தால் இரண்டும் ஒன்றாகப் போகும், லெப்டொப் தண்ணீரில் நனைந்தாலும் களவு போனாலும் அப்படித்தான். வீட்டின் உதிரிச் சாவியை அதே வீட்டுக்குள் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவது போன்றதுதான் இது. கம்பனி வைத்த ரிக்கவரிக்கும் இதே குறை உண்டு.

அந்த ரிக்கவரி இப்போது வேலை செய்கிறதா என்பதே கேள்விக்குறி. எச்பி போட்ட விண்டோஸில் ரிக்கவரி மேனேஜர் என்ற மென்பொருள் இருக்கும். அதைக் கொண்டு ஒரு தடவை மட்டும் பென் ட்ரைவில் ரிக்கவரி பிரதி எடுத்துக்கொள்ள விடுவார்கள். வாங்கிய அன்றே அதை எடுத்து வைத்திருந்தால் இன்று இந்தக் கடிதம் பாதியாகியிருக்கும். ஆனால் யார்தான் எடுக்கிறார்கள். கடையில் புதிய விண்டோஸ் போட்டபோது அந்த மென்பொருளும் விண்டோஸ்.ஓல்ட்டுக்குள் போய்விட்டது. மெஷினை அணைத்துவிட்டு, போட்டவுடன் எஸ்கேப் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும், அதில் எஃப்11 சிஸ்டம் ரிக்கவரி. அழுத்திப் பாருங்கள். எச்பியின் ரிக்கவரி மேனேஜர் என்று ஒன்று அங்கே தென்பட்டால் டி இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸின் சாதாரண நீலத் திரை மட்டும் வந்தால் தொடர்பு அறுந்துவிட்டது. பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், உள்ளே எதையும் தொடங்கவேண்டாம். தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனால் சியில் உள்ள எல்லாம் போகும்.

உயிரோடு இருந்தாலும் அது தருவது 2017இன் விண்டோஸ் 10. வளைகுடா நாட்டுக்கென்று போட்ட அமைப்புகளோடு, அன்றைய சோதனை அன்டிவைரஸ் முதலான சில்லறைகளோடு எழும்பும். அதன்மேல் இத்தனை வருஷத்து அப்டேட்டையும் இறக்கவேண்டும். நான் என்றால் அதைப் பாவிக்க மாட்டேன்.

பிறகு ஏன் அழிக்கவேண்டாம் என்கிறேன்? அழித்துக் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு ஜிபியை சியோடு ஒட்டுவது கடைக்காரர் சொல்வதுபோல் லேசான வேலை அல்ல என்பதால்தான். டிஸ்க்கின் பகுதிகளை வரிசையாகக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டை விண்டோஸில் திறந்து பாருங்கள். இடமிருந்து வலமாக 260 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்ற சிறிய பகுதி, பிறகு சி, பிறகு ஒரு ஜிபிக்கு உட்பட்ட பெயரில்லாத ரிக்கவரிப் பகுதி ஒன்று, கடைசியாக டி என்ற வரிசைதான் எச்பியில் வழக்கம். விண்டோஸ் தன் சியை வலப்பக்கம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டும்தான் நீட்டும். நடுவே அந்தச் சிறிய பகுதி நிற்பதால் டியை அழித்தாலும் எக்ஸ்டென்ட் என்ற தெரிவு மங்கியே இருக்கும். வேறு மென்பொருள் கொண்டு நடுவில் உள்ளதை நகர்த்தவேண்டும். நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் எழும்பாமலே போகலாம். கார்த்திகை, மார்கழி மழைக்குள் நம்மட பக்கம் கரண்ட் நின்று நின்று வருவது உங்களுக்குத் தெரியும். 2017இன் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

அந்த நடுப்பகுதியைத் தூக்கிவிட்டால் லேசாகிவிடுமே என்று சிலர் அதையும் அழித்துவிடுகிறார்கள். அது டியைப் போன்ற கம்பனிச் சாமான் அல்ல, விண்டோஸின் சொந்த மீட்புப் பகுதி. விண்டோஸ் எழும்பாத நாளில் ஸ்டார்ட்டப் ரிப்பேர் வருவது அதற்குள்ளிருந்துதான். 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்தப் பகுதியில் 250 எம்பி வெற்றிடம் இல்லாத மெஷின்களில் ஏற மறுத்தது. 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கடை கடையாகத் திரிந்தார்கள். ஈஎஃப்ஐ பகுதியையோ கேட்கவே வேண்டாம், அது போனால் மெஷின் விண்டோஸைக் கண்டுபிடிக்கவே மாட்டாது. பெயரில்லாத சிறிய பகுதிகள் எதையும் யாரையும் தொட விடாதீர்கள்.

டி செத்துவிட்டது என்று எஃப்11 காட்டினால் அதை வெறும் ட்ரைவாகப் பாவிக்கலாம். உள்ளே இருப்பதை அழித்து ஃபோர்மட் செய்து, மகள் படங்களையோ பாடக்குறிப்புகளையோ வைத்துக்கொள்ளட்டும், இன்னொரு இடத்தில் பிரதி இருக்கும் வரை. எதையும் நகர்த்தவேண்டியதில்லை.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வேலை உண்மையில் வேறு. ஒரு பென் ட்ரைவ் வாங்குங்கள், 8 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, நீங்கள் 32 வாங்குங்கள். மீடியா கிரியேஷன் டூல் மூலம் அதில் விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். சில ஜிபி இறங்கும் என்பதால் வீட்டு டேட்டாவில் செய்வதைவிடக் கடையில் செய்வது மலிவு. அந்த டூல் பென் ட்ரைவில் இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும், ஆகவே அது முடிந்த பிறகே எஸ்டபிள்யூசெட்டப்பை அதே பென் ட்ரைவில் கொப்பி செய்யவேண்டும். விண்டோஸும் ட்ரைவரும் ஒன்றாக ஒரு பென் ட்ரைவில் வந்துவிடும். மகளின் பையில் அல்ல, உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். லெப்டொப் தொலையும் இடத்தில் பென் ட்ரைவும் தொலையக்கூடாது.

அதோடு கடையிலேயே செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி, ஓனில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 48 இலக்கம் கொண்ட ஒரு மீட்புத் திறவுகோல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னரே எழும்பும் மெஷினின் அடிப்படை அமைப்பு) கை வைத்தாலோ எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலோ அந்த இலக்கத்தைக் கேட்கும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கே கிடைக்காது.

கடைசிக் கேள்வி: புதிது வாங்குவதா? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் சம்மதிக்கிறது, உங்களுடையது ஏழு. ஒரே படியால் தவறியது, என்ன செய்வது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்து பதிந்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித் தரும் திட்டம் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான வரி தெரியும், முதலில் அதில் பதியுங்கள். முதல் வருஷம் வேர்டும் ஸ்லைடும் பிடிஎஃபும்தான் என்றால் இந்த மெஷின் தாங்கும். மகள் என்ன பாடம் எடுக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கணினி விஞ்ஞானமோ படம் வரையும் மென்பொருள் தேவைப்படும் பாடமோ என்றால் 128 ஜிபி எப்படியும் போதாது. அப்போது இதில் பணம் போடாமல், முதல் தவணையில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று அவள் விரிவுரையாளர்களிடம் விசாரித்து வந்த பிறகு வாங்குங்கள்.